இரண்டாவது நகல் யாருடைய கணக்கில் இருக்கிறது?

வங்கிகள், மருத்துவமனைகள், ஓய்வூதிய நிதியங்கள் ஆகியவற்றின் நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். "நம் சர்வர்கள் இரண்டு இடங்களில் ஓடுகின்றன, ஒன்று விழுந்தால் மற்றொன்று தாங்கும்" என்று உங்கள் கூட்டங்களில் படம் போட்டுக் காட்டுகிறார்கள். படத்திலுள்ள இரண்டு பெட்டிகளும் ஒரே கிளவுட் நிறுவனத்தின் (இணையம் வழியாகக் கணினிகளை வாடகைக்குத் தரும் நிறுவனம்) ஒரே கணக்கில்தானே இருக்கின்றன என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

ஆஸ்திரேலியாவின் யூனிசூப்பர் ஓய்வூதிய நிதியமும் கூகுள் கிளவுடில் இரண்டு இடங்களில் நகல் வைத்திருந்தது. சேவையை அமைத்தபோது கூகுள் தரப்பில் நிரப்ப வேண்டிய ஒரு விவரத்தைக் காலியாக விட்டுவிட்டார்கள். அதனால் அந்தச் சேவைக்கு ஓராண்டுக் கெடு தானாக விழுந்தது. கெடு முடிந்ததும், 2024 மே தொடக்கத்தில், இரண்டு நகல்களும் சேர்ந்தே அழிந்தன. வாடிக்கையாளர் கேட்டு நடந்த அழிப்பு அல்ல என்பதால் முன்னறிவிப்பும் போகவில்லை! 6 லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் ஏறத்தாழ ஒரு வாரம் தங்கள் கணக்கைப் பார்க்க முடியவில்லை. மீட்சிக்குக் கைகொடுத்தவற்றில் வேறொரு நிறுவனத்திடம் வைத்திருந்த பேக்கப்பும் ஒன்று.

கூகுளை விட்டு வேறிடம் போனால் தீர்ந்தது என்று எண்ண வேண்டாம். 2025 அக்டோபர் 20 அன்று அமேசான் கிளவுடின் வர்ஜீனியா மண்டலத்தில் ஒரு டிஎன்எஸ் பதிவு (ஒரு பெயருக்கு எந்தக் கணினியை அணுக வேண்டும் என்று காட்டும் இணைய முகவரிக் குறிப்பு) காலியானதில் உலகெங்கும் எத்தனையோ செயலிகள் முடங்கின. ஒன்பதே நாளில் மைக்ரோசாஃப்டின் கிளவுடான அஷூர் படுத்தது. அதன் கணினி அமைவுகளில் (configuration) செய்த தவறான ஒரு மாற்றம்தான் காரணம்.

அதற்காக எல்லாவற்றையும் இரண்டு கிளவுடில் ஒரே நேரத்தில் ஓட்டுங்கள் என்று சொல்ல வரவில்லை. தரவை வெளியே எடுக்கத் தனிக் கட்டணம், இரண்டையும் அறிந்த ஆட்கள், இரண்டுக்கும் பொருந்துகிற மென்பொருள் என்று செலவு எகிறும். மல்டி கிளவுட் என்ற பெயரில் விற்பனையாளர்கள் தலையில் கட்டுவதில் பெரும்பகுதி உங்களுக்குத் தேவையே இல்லை.

தேவைப்படுவது சிறியது. தரவுத்தளத்தின் அன்றாட நகல் வேறு நிறுவனத்தில், முதல் கணக்கின் நிர்வாகியாலும் அழிக்க முடியாதபடி இருக்கட்டும். டிஎன்எஸ்ஸையும் தனியாகப் பிரித்து வையுங்கள். மீட்புக்கான கடவுச்சொற்களை விழக்கூடிய அதே கிளவுடில் சேமிப்பது சாவியை உள்ளே வைத்து வீட்டைப் பூட்டுவதுதான்.

அடுத்த கூட்டத்துக்கு முன், முதல் கிளவுடைத் தொடாமல், வெளி நகலிலிருந்து மட்டும் ஒரு சேவையை எழுப்பிக் காட்டச் சொல்லுங்கள். எத்தனை மணி நேரம் பிடித்தது என்பதைக் கூட்டக் குறிப்பில் பதிவு செய்யுங்கள்.

இப்படிக்கு,
சர்வர் விழுந்தால் நள்ளிரவில் எழுப்பப்படும் பொறியாளர்களில் ஒருவர்