கிளவுடுக்கு மாற்றியதில் விடுபட்ட மாங்கூழ்க் கணக்குகள் குறித்துப் புகார்

அனுப்புநர்
பங்குதாரர்,
மாங்கூழ்த் தொழிற்சாலை,
காவேரிப்பட்டணம்,
கிருஷ்ணகிரி மாவட்டம்.

பெறுநர்
மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
கணக்கு மென்பொருள் நிறுவனம்.

பொருள்: பழைய மென்பொருளிலிருந்து கிளவுடுக்கு மாற்றும்போது எங்களைக் கேட்காமல் விட்டுவிட்ட கணக்குகளைத் திரும்பச் சேர்த்துத் தரக் கோருதல்.

ஐயா,

பல வருடமாக எங்கள் ஆலையில் ஓடிக்கொண்டிருந்த மென்பொருளுக்கு இனி சப்போர்ட் கிடையாது, கணக்கை இணையத்தில் உங்கள் சர்வரிலேயே வைக்கும் கிளவுடுக்கு மாறித்தான் ஆக வேண்டும் என்றீர்கள். சரி என்று ஏப்ரலில் மாறினோம். மாறியதில் எனக்கு வருத்தமில்லை. மண்டியில் நின்றுகொண்டே செல்போனில் இருப்பு பார்க்க முடிகிறது, நல்ல வசதிதான். ஆனால் பழையதிலிருந்து எதைக் கொண்டுபோவது, எதை விடுவது என்று உங்கள் தரப்பில் ஒருவரும் எங்களோடு உட்கார்ந்து பேசவில்லை. நீங்களாகவே முடிவு செய்துவிட்டீர்கள். என் புகார் அதுதான்.

உங்கள் தரப்பிலிருந்து வந்த பொறுப்பாளர் பார்ட்டி (வாங்குவோர், விற்போர்) பட்டியல், சரக்குப் பட்டியல், ஆரம்ப இருப்பு, இவற்றை மட்டும் கேட்டார். "கடைசி இரண்டு வருஷ பில்லையும் ஏற்றிக் கொடுத்துவிடுகிறோம், மிச்சமெல்லாம் பழசு சார், தேவைப்படாது" என்றார். எது பழசு என்று சொல்ல வேண்டியது தொழில் செய்கிறவர் அல்லவா?

நாங்கள் பெங்களூரா ரக மாங்காய் அரைப்பது ஜூன், ஜூலையில். கூழ் விற்பது வருடம் முழுக்க. சில லாட் (ஒரு தடவை அரைத்த கூழின் தொகுதி) அடுத்த சீசனைத் தாண்டியும் குடோனில் இருக்கும். 215 கிலோ டிரம் ஒவ்வொன்றிலும் லாட் எண் ஒட்டியிருப்போம். பழைய மென்பொருளில் அந்த எண்ணைப் போட்டால் என்றைக்கு அரைத்தது, பிரிக்ஸ் என்கிற இனிப்பு அளவு எவ்வளவு, புளிப்பு எவ்வளவு, அன்றைக்கு வேபிரிட்ஜில் (லாரி எடைமேடையில்) ஏறிய லாரிகள் எவை, சரக்கு சந்தூரிலிருந்து வந்ததா போச்சம்பள்ளியிலிருந்து வந்ததா, யாருடைய தோட்டம் என்று படிப்படியாக உள்ளே போய்ப் பார்த்துவிடலாம். வெளிநாட்டுப் பார்ட்டி ஒருவர் சமீபத்தில் ஒரு லாட்டுக்குப் பூச்சிமருந்து எச்சப் பரிசோதனை அறிக்கையும் தோட்ட விவரமும் கேட்டார். புதிய திரையில் அந்த லாட் எண் சரக்கின் பெயருக்குப் பின்னால் வெறும் எழுத்தாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. தட்டினால் ஒன்றும் திறப்பதில்லை. உங்கள் சேவை மையத்துக்குப் போன் போட்டால், "டிரம் இருப்பு சரியாகத்தானே வந்திருக்கிறது" என்று பதில். எண்ணிக்கை சரிதான். உள்ளே இருப்பது யார் தோட்டத்து மாங்காய் என்பதுதான் காணாமல் போய்விட்டது. அது தெரியாத கூழை எந்த நல்ல பார்ட்டியும் வாங்க மாட்டார்கள். கடைசியில் பழைய சர்வரைத் திறந்துதான் அவருக்குப் பதில் அனுப்பினோம்.

அடுத்தது விவசாயிகளின் முன்பணக் கணக்கு. பெயர்களைப் பாமினி எழுத்துருவில் தமிழில் போட்டு வைத்திருந்தோம், அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். பாமினியில் தமிழ் தெரிவது திரையில் மட்டும்தான். உள்ளே பதிவாகியிருப்பது ஆங்கில எழுத்துகள். தமிழைத் தமிழாகவே பதியும் யூனிகோடுக்கு மாற்றிவிட்டுத்தான் ஏற்ற வேண்டும். அதற்கான கருவிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. நீங்கள் அப்படியே ஏற்றிவிட்டீர்கள். இப்போது முருகன் என்ற பெயர் பெரிய கே, பெரிய யு, சின்ன எஃப், சின்ன டி, ஒரு அரைப்புள்ளி என்று வந்து நிற்கிறது. பட்டுவாடா அன்றைக்கு எங்கள் கணக்கர் மானிட்டரைத் திருப்பி, "இதில் உங்கள் பேர் எதுண்ணே?" என்று விவசாயியையே கேட்டார். வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். முன்பணம் கழித்துக் கொடுக்க வேண்டிய எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தேதியிலும் குளறுபடி. ஜூன் 5 லோடு மே 6 என்று ஏறியிருக்கிறது. மே 6-ஆம் தேதி எங்கள் ஆலையில் பாய்லரே பற்ற வைக்கவில்லை. ஜூன் 13-க்குப் பிறகு வந்த லோடுகள் எல்லாம் சரியாக இருக்கின்றன. அதாவது நாளையும் மாதத்தையும் இடம் மாற்றிப் படித்திருக்கிறீர்கள். 13-ஆவது மாதம் என்று ஒன்று இல்லாததால் மிச்சத் தேதிகள் தப்பித்தன. மாங்காய் விலை நாளுக்கு நாள் மாறும் ஊரில் இது சின்ன விஷயமில்லை.

விட வேண்டியதை விட்டீர்களா என்றால் அதுவும் இல்லை. ஒரே விவசாயி மூன்று விதமான எழுத்தில் மூன்று கணக்காக இருந்தது. மூன்றும் பத்திரமாக வந்து சேர்ந்திருக்கின்றன. என்றோ மூடிப்போன டிரான்ஸ்போர்ட் கம்பெனிகளின் ஜீரோ பாக்கிக் கணக்குகளும் வந்திருக்கின்றன. முன்கூட்டியே கேட்டிருந்தால் ஒரு மதியத்தில் உட்கார்ந்து கழித்துக் கொடுத்திருப்போம்.

இரண்டு வருட பில் போதும் என்றதைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36-ஆவது பிரிவுப்படி, ஒரு வருடத்தின் கணக்கை அந்த வருட ஆண்டறிக்கைக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். 2019-20-க்கு அந்தக் கடைசித் தேதி 2021 மார்ச் 31. அப்படியானால் 2027 மார்ச் வரை அந்தப் பதிவுகள் எங்கள் கையில் இருந்தாக வேண்டும். கணக்கு மென்பொருள் விற்கிறவர்களுக்கு இதை மாங்கூழ் ஆலைக்காரன் சொல்ல வேண்டியிருக்கிறது.

பழைய மென்பொருளின் லைசென்ஸ் இந்த மாதக் கடைசியோடு முடிகிறது. அதன்பிறகு பார்ப்பதற்குக்கூடத் திறக்காது என்கிறார்கள். முதலில் அப்படி மூடுவதை நிறுத்துங்கள். புதிதாகப் பதிவு போட முடியாமல், பார்க்கவும் பிரிண்ட் எடுக்கவும் மட்டும் 72 மாதக் கணக்கு முடியும்வரை திறந்து வையுங்கள். அதற்குத் தனிக் கட்டணம் கேட்காதீர்கள். லாட் பதிவேட்டையும் வேபிரிட்ஜ் சீட்டுகளையும் ஒன்றோடொன்று இணைத்தே புதியதில் ஏற்றித் தர வேண்டும். பெயர்களும் தேதிகளும் திருத்தப்பட வேண்டும். மொத்தத் தரவின் நகல் ஒன்று, உங்கள் மென்பொருள் இல்லாமலே எக்செல்லில் திறக்கும் வடிவத்தில் எங்களுக்கு வேண்டும். நாளைக்கு வேறு நிறுவனத்துக்குப் போனாலும் எங்கள் கணக்கு எங்களோடு வர வேண்டும் அல்லவா?

இந்த முறை ஏற்றுவதற்கு முன் எது வருகிறது, எது வரவில்லை என்ற பட்டியலை எங்களுக்கு அனுப்புங்கள். எங்கள் கணக்கரும் ஆடிட்டரும் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகு வேலையைத் தொடங்கினால் போதும். அதுவரை அடுத்த ஆண்டுச் சந்தாவைக் கட்டுவதாக இல்லை. பதிலை எழுத்தில் அனுப்புங்கள். போனில் சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
பங்குதாரர்