தாக்கல் தேதி என்னும் ஒரு கட்டம்: தரநிலைக் குழுவில் சேர்ந்திருக்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

மின்தாக்கலுக்கு, அதாவது மனுக்களை இணையம் வழியாக நீதிமன்றத்தில் தாக்கல் செய்வதற்கு, தொழில்நுட்பத் தரநிலை எழுதும் குழுவில் உன்னையும் சேர்த்துக்கொண்டார்கள் என்று நீ எழுதியதைப் படித்ததும் மனசு நிறைந்துபோனது. வரைவு இருநூறு பக்கத்தைத் தாண்டுகிறது, எங்கே தொடங்குவது அண்ணா என்று கேட்டிருந்தாய். முதல் பக்கத்திலிருந்து படிக்காதே. "தாக்கல் தேதி" என்ற சொல் எங்கெல்லாம் வருகிறது என்று தேடு. வருகிற ஒவ்வொரு இடத்திலும் நின்று, இது யாருடைய கடிகாரம் என்று கேள்.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்றால், ஒரு இரவு நடந்ததை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை. வக்கீல் அலுவலகங்களிலிருந்து வரும் மனுக்களை வாங்கி நீதிமன்றத்தின் கணினிக்குக் கைமாற்றிவிடும் மென்பொருளில் அப்போது வேலை பார்த்தேன். வக்கீல் வைத்துக்கொள்ளாமல் தன் வழக்கைத் தானே நடத்திய ஒருவர் மேல்முறையீட்டு மனுவை ஏற்றினார். கெடுவின் கடைசி நாள் அது. நடப்பதையெல்லாம் கணினி நேரத்தோடு எழுதிவைக்கும் எங்கள் லாக்கில் இப்படி இருந்தது: 23:52:17க்கு அவர் "சமர்ப்பி" பொத்தானை அழுத்தியிருக்கிறார். 23:52:41க்குக் கோப்பு முழுசாக எங்கள் சர்வருக்கு வந்துவிட்டது. அப்புறம் வைரஸ் சோதனை வரிசை. அன்று பலருக்கும் கடைசி நாள் என்பதால் வரிசை நீண்டு கிடந்தது. 00:03:58க்குத்தான் நீதிமன்ற சர்வர் அதை வாங்கியது. காலை 10:40க்குப் பதிவகத்தில் இருந்தவர் திறந்து பார்த்தார். அவர் திரையில் தேதிக்கு ஒரே ஒரு கட்டம். அதில் மறுநாள் தேதி விழுந்திருந்தது. காலம் கடந்தது என்று குறித்து மனுவைத் திருப்பிவிட்டார். அவர் மேல் தப்பில்லை. திரை காட்டியதை நம்பினார்.

மனுதாரரிடம் இருந்தது செல்போனில் எடுத்த ஒரு படம் மட்டும். "உங்கள் மனு பெறப்பட்டது, நன்றி" என்று அதில் இருந்தது. யார் பெற்றார்கள், எத்தனை மணிக்கு, எந்தக் கோப்பை என்று ஒரு சொல் இல்லை. அந்த வாசகத்தை எழுதியவன் நான். எங்கள் லாக்கை அச்செடுத்து அவர் கையில் கொடுத்தோம். தாமதத்தைப் பொறுத்தருளக் கோரி இன்னொரு மனு போட்டு, மாதக்கணக்கில் அலைந்துதான் அவர் தன் மேல்முறையீட்டை உள்ளே கொண்டுபோனார். எட்டு நிமிஷம் முன்னதாக வந்த மனிதர் அவர்.

அந்த லாக்கில் எத்தனை நேரங்கள் இருந்தன என்று எண்ணிப் பார். அழுத்திய நேரம், இடையில் இருப்பவர் பெற்ற நேரம், நீதிமன்றம் பெற்ற நேரம், எழுத்தர் பார்த்த நேரம். ஏற்கப்பட்டிருந்தால் வழக்குப் பதிவேட்டில் ஏறிய நேரம் என்று ஐந்தாவதும் வந்திருக்கும். இதில் எது "தாக்கல்" என்பதைச் சட்டமும் நீதிமன்ற விதியும் முடிவு செய்யட்டும். அது உங்கள் குழுவின் வேலை இல்லை. ஆனால் ஐந்துக்கும் ஐந்து தனிப் பெயர் வைத்து, ஐந்தையும் கடைசிவரை சுமந்துபோக வைப்பது முழுக்க முழுக்க உங்கள் வேலை. ஒரே கட்டத்தில் ஐந்தையும் திணித்தால், கடைசியாக எழுதிய இயந்திரம்தான் நீதிபதி ஆகிறது.

உனக்கு முன்னால் இந்த வழியில் நடந்தவர்கள் உண்டு. கணினிகள் தகவல் பரிமாறிக்கொள்ள உதவும் குறிமொழியான எக்ஸ்எம்எல் பிறந்த 1998லேயே சட்ட ஆவணங்களுக்கு அதைப் பயன்படுத்த ஒரு கூட்டம் கிளம்பியது. லீகல்எக்ஸ்எம்எல் என்ற அந்த முயற்சி பிறகு ஓயாசிஸ் என்ற தரநிலை அமைப்போடு சேர்ந்து, அமெரிக்க நீதிமன்றங்களை மனத்தில் வைத்து ஈசிஎஃப் என்ற மின்தாக்கல் தரநிலையை வளர்த்தது. அதன் நான்காம் பதிப்பை உட்கார்ந்து படி. மொத்த வேலையையும் நான்காகப் பிரித்திருப்பார்கள்: மனுவைத் தயாரித்து அனுப்பும் பகுதி, நீதிமன்றத்தில் சரிபார்க்கும் பகுதி, பதிவேட்டில் ஏற்றும் பகுதி, எதிர்த்தரப்புக்கு ஆவணத்தைச் சேர்ப்பிக்கும், அதாவது சார்பு செய்யும் பகுதி. ஒவ்வொன்றையும் வேறு வேறு நிறுவனம் கட்டலாம். நடுவில் ஓடும் செய்திகளுக்கு மட்டும் இலக்கணம் உண்டு. அனுப்பியவுடன் வரும் ரசீது வேறு, எழுத்தர் பார்த்து முடித்தபின் வரும் பதில் வேறு என்று அங்கே தெளிவாகப் பிரித்திருக்கிறார்கள். இந்தப் பிரிவை யார் "எளிமையாக்குகிறேன்" என்று ஒன்றாக்க வந்தாலும் விட்டுக்கொடுக்காதே.

இன்னொரு ஓட்டை. செய்தியின் வடிவத்தை வரையறுக்கும் எக்ஸ்எம்எல் ஸ்கீமாவில் தேதியும் நேரமும் சேர்ந்த வகைக்கு நேர மண்டலம் கட்டாயமில்லை. தேதியோடு 23:52:17 என்று மட்டும் எழுதி அனுப்பினாலும் சரிபார்ப்பான் "சரி" என்று விட்டுவிடும். எந்த ஊரின் 23:52? வக்கீல் ஒரு மண்டலத்தில், சர்வர் இன்னொன்றில், நீதிமன்றம் மூன்றாவதில் இருப்பது இன்று சாதாரணம். நேர மண்டலம் இல்லாத நேரத்தை ஏற்கவே கூடாது என்று ஒரு வரி எழுத வேண்டும். ஒரே ஒரு வரி, தம்பி.

விதி எழுதுபவர்கள் இதை உணர்ந்திருக்கிறார்கள். அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றங்களின் உரிமையியல் விதி 6, 2009 திருத்தத்துக்குப் பிறகு, மின்தாக்கலுக்கான கடைசி நாள் "நீதிமன்றத்தின் நேர மண்டலத்தில் நள்ளிரவு" வரை என்கிறது. அதே விதி, பதிவகத்தை அணுக முடியாமல் போனால் கெடு அணுக முடிகிற அடுத்த வேலை நாளுக்குத் தள்ளிப்போகும் என்றும் சொல்கிறது. ஆனால் அந்நாட்டின் மூன்றாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 2023 ஜூலையில் நள்ளிரவை விட்டுவிட்டு மாலை 5 மணி என்று மாற்றிக்கொண்டது. ஒரு நாட்டுக்குள்ளேயே இப்படி. ஆக, தரநிலைக்குள் "நள்ளிரவு" என்று எழுதினால் தவறு, "5 மணி" என்று எழுதினாலும் தவறு.

இங்கேதான் ஈசிஎஃபின் ஒரு யோசனை எனக்கு ரொம்பப் பிடித்தது. ஒவ்வொரு நீதிமன்றமும் தன் கொள்கையை மனிதர் படிக்க ஒன்றாகவும் இயந்திரம் படிக்க இன்னொன்றாகவும் வெளியிட வேண்டும் என்கிறார்கள். எந்த வகை வழக்கை மின்வழியில் ஏற்போம், கோப்பு எவ்வளவு பெரிதாக இருக்கலாம், எந்தக் குறியீடுகள் செல்லும் என்பதெல்லாம் அதில் வரும். நீதிமன்றங்களுக்குள் வேறுபாடு இருக்கக் கூடாது என்று சண்டை போடுவதில் வருடங்கள் வீணாகும். வேறுபாட்டை எல்லோரும் ஒரே வடிவத்தில் சொல்லட்டும் என்பதுதான் நடக்கக்கூடிய வழி. கெடு நேரம், நேர மண்டலம், ஐந்தில் எந்த நேரம் எங்களுக்குத் தாக்கல் நேரம், சர்வர் படுத்திருந்த நேரங்களின் பட்டியல், இந்த நான்கையும் உங்கள் வரைவின் கொள்கைக் கோப்பில் சேர்க்கப் பார். அணுக முடியாமல் போனதால் கெடு தள்ளிப்போக வேண்டும் என்றால், சர்வர் எப்போது விழுந்து எப்போது எழுந்தது என்பதை நீதிமன்றமே சொல்ல வேண்டும். மனுதாரர் எங்கே போய் அதை நிரூபிப்பார்?

சரி, ரசீதுக்கு வருகிறேன். ரசீதில் நேரம் மட்டும் இருந்தால் போதாது, எந்தக் கோப்புக்கு அந்த நேரம் என்பதும் இருக்க வேண்டும். அதற்கு எஸ்எச்ஏ-256 போன்ற ஒரு ஹாஷ், அதாவது கோப்பிலிருந்து கணக்கிடும் கைரேகை போன்ற ஒரு குறியீடு, போதும். கோப்பில் ஒரு எழுத்து மாறினாலும் ஹாஷ் அடியோடு மாறிவிடும். ஆனால் ஒரு சிக்கலைக் கவனி. மனுவை ஏற்றுக்கொண்டதும் பல நீதிமன்றக் கணினிகள் பிடிஎஃபின் ஒவ்வொரு பக்கத்து மேலும் வழக்கு எண்ணையும் தேதியையும் முத்திரையாகப் பதிக்கின்றன. பதித்த கணமே கோப்பின் பைட்டுகள் மாறுகின்றன, ஹாஷ் பொருந்தாமல் போகிறது. வக்கீல் போட்ட மின்கையொப்பமும் "ஆவணம் மாற்றப்பட்டது" என்று சிவப்பில் எச்சரிக்கலாம். அனுப்பியவரோ பதறிப்போகிறார். வந்த கோப்பை வந்தபடியே ஒன்று வைத்துக்கொண்டு, முத்திரை பதித்ததை இரண்டாவதாக வைத்து, இரண்டின் ஹாஷையும் பதில் செய்தியில் சொல்லிவிட்டால் தீர்ந்தது. இதைச் செய்யாத அமைப்பில், நான் கொடுத்தது இதுதான் என்று யாராலும் பிறகு சாதிக்க முடியாது.

கோப்பு வடிவத்தில் அதிகம் மல்லுக்கட்ட வேண்டாம். நீண்டகாலச் சேமிப்புக்கென்று 2005ல் வந்த பிடிஎஃப்/ஏ வடிவம் (ஐஎஸ்ஓ 19005 தரநிலை) இருக்கிறது. எழுத்துருவைக் கோப்புக்குள்ளேயே வை, கடவுச்சொல் போடாதே, ஸ்கிரிப்ட் வைக்காதே என்கிறது. அதையே எடுத்துக்கொள்ளுங்கள். பெயர்க் கட்டத்தில் மட்டும் ஒரு சொல்: குடும்பப் பெயரைக் கட்டாயம் ஆக்க விடாதே. குடும்பப் பெயரே இல்லாதவர்கள் உலகில் ஏராளம். அவர்கள் ஒரு புள்ளியையோ கோட்டையோ போட்டு ஏமாற்றித்தான் நீதிமன்றத்துக்குள் நுழைய வேண்டும் என்றால் அது அவமானம்.

திருப்பி அனுப்புவதைப் பற்றி நிறையப் பேச வேண்டும். பதிவகத்தில் சரிபார்ப்பவர் பக்கத்தில் ஒரு வாரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன். ஒரு மனுவைத் திறப்பார், பக்க எண், கையொப்பம், கட்டணம், இணைப்புகள் என்று கண் தானாக ஓடும். குறை இருந்தால் வாயால் அழகாகச் சொல்வார்: "மூன்றாவது இணைப்பு ஐந்தாம் பக்கத்தோடு நின்றுவிட்டது, ஸ்கேன் செய்தவர் பின்பக்கத்தை விட்டுவிட்டார்." ஆனால் திரையில் அவர் செய்யக்கூடியது "நிராகரி" என்ற பொத்தானை அழுத்துவது மட்டும். அவருக்குத் தெரிந்தது எதுவும் அந்தப் பக்கம் போகவில்லை. அங்கே வக்கீல் குமாஸ்தா எது குறை என்று தெரியாமல் அதே கோப்பை மறுபடி ஏற்றுகிறார்.

அதனால் திருப்பும் செய்திக்கு நான் கேட்பது: குறைக்கு ஒரு குறியீடு, அதோடு எழுத்தர் தன் சொல்லில் எழுத இடம், எந்த ஆவணத்தில் குறை என்ற சுட்டு, சரிசெய்ய எவ்வளவு அவகாசம், அந்த அவகாசத்துக்குள் கொடுத்தால் முதலில் வந்த நேரம் நிலைக்குமா என்பது. கடைசியதுதான் உயிர். நிலைக்கும் என்று வைத்திருக்கும் நீதிமன்றத்தில், திருத்திய மனு புத்தம்புது மனு போல வந்து விழுந்தால் பழைய நேரம் தொலைந்துபோகும். இரண்டையும் கோக்கும் ஒரு எண் வேண்டும். ஒரு மனுவும் பத்து இணைப்பும் வந்து, ஒரு இணைப்பில் மட்டும் குறை என்றால் மற்றவை என்ன ஆகும் என்பதையும் வரைவு சொல்லியே ஆக வேண்டும். அப்புறம், இணையம் இழுக்கும்போது ஒரே மனுவை இரண்டு தரம் அழுத்துவார்கள். செய்தி எண் ஒன்றாக இருந்தால் பழைய ரசீதையே திருப்பிக் கொடு, கட்டணத்தை இரண்டாம் முறை பிடிக்காதே.

குழுவில் உன் எதிரே மென்பொருள் நிறுவனங்களின் ஆட்கள் நிறைய இருப்பார்கள். நல்லவர்கள், திறமைசாலிகள். ஆனால் ஏற்கெனவே கட்டிவைத்ததை மாற்றச் செலவாகும் என்பதால், கட்டாயம் என்று இருப்பதையெல்லாம் "செய்வது நல்லது" என்று தளர்த்தப் பார்ப்பார்கள். இணையத் தரநிலைகள் எழுதுபவர்களுக்கான ஆர்எஃப்சி 2119 என்ற ஆவணம் 1997லேயே இந்தச் சொற்களுக்கு எடை போட்டுவைத்தது: கட்டாயம், பரிந்துரை, விருப்பம் என்று மூன்று படி. கூட்டம் முடியும் தறுவாயில், எல்லோரும் களைத்திருக்கும்போது, ஒரு சொல் மேல்படியிலிருந்து இரண்டாம் படிக்கு இறங்கும். நான் இருந்த ஒரு கூட்டத்தில் ரசீது பற்றிய வரி அப்படித்தான் இறங்கியது. நான் சும்மா இருந்துவிட்டேன். அது இன்றும் எனக்கு உறுத்துகிறது.

அடுத்த கூட்டத்துக்குப் பதிவகத்தில் வேலை பார்க்கும் ஒருவரை அழைத்துவரச் சொல்லிக் கேள். முடிந்தால் தன் வழக்கைத் தானே தாக்கல் செய்த ஒருவரையும். அந்த 23:52 லாக்கை, பெயரும் வழக்கு எண்ணும் நீக்கி, உனக்கு இன்று இரவே அனுப்புகிறேன். அதைத் திரையில் போட்டு, உங்கள் வரைவின்படி இந்த மனுவுக்கு எந்தத் தேதி விழும் என்று மட்டும் கேள். அவர்கள் சொன்ன பதிலை எனக்கு எழுது.

அன்புடன்,
அண்ணன்