வேலூர் வெயிலும் காரின் என்ஜின் ஆயிலும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கத்திரி வெயில் தொடங்கியதும் எங்கள் வேலூரில் காரைப் பட்டறையில் விடுகிறவர்கள் தவறாமல் கேட்கும் சொல், "நம்ம ஊர் வெயிலுக்கு மெல்லிசு ஆயில் தாங்காது சார்" என்பது. என் பெட்ரோல் காரின் கையேட்டில் 0டபிள்யூ 20 என்ற மெல்லிய ரகமே தெளிவாக அச்சிடப்பட்டிருந்தும், இதைச் சொல்லித்தான் ஒரு பட்டறையில் 20டபிள்யூ 50 என்ற கெட்டி ஆயிலை ஊற்றிவிட்டார்கள். அதன் பிறகு, காலையில் முதல் ஸ்டார்ட்டில் முன்பு இல்லாத டிக்டிக் ஒலி சில நொடிகள் கேட்டது, மைலேஜும் குறைந்தது.

மெக்கானிக்கின் அனுபவத்தை நான் குறைத்துப் பேசவில்லை, கணக்குதான் தவறு. மே மாதம் வெளியே 40 டிகிரியைத் தாண்டினாலும், சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டும் ரேடியேட்டர் விசிறியும் சேர்ந்து, என்ஜினைக் குளிர்விக்கும் நீர்மமான கூலன்ட்டை ஏறத்தாழ 90 டிகிரியிலேயே நிறுத்துவதால், மார்கழியில் ஏலகிரி ஏறும்போதும் சித்திரையில் காட்பாடிச் சாலையில் ஊரும்போதும் உள்ளே இருக்கும் சூட்டில் பெரிய வேறுபாடு இராது. 'டபிள்யூ' என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் எழுத்து. அதற்கு முன்னுள்ள எண் குளிரில் ஆயில் ஓடும் தன்மையையும், பின்னுள்ள எண் சூடேறிய நிலையில் அதன் தடிமனையும் சொல்கின்றன. 100 டிகிரியில் 50 ரக ஆயில், 20 ரகத்தைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு தடிமனானது. பேரிங் இடைவெளியையும் ஆயில் பம்பையும் மெல்லிய ஆயிலுக்கென்றே வடிவமைத்த என்ஜினில் அதை ஊற்றினால், வேண்டிய இடத்துக்கு அது தாமதமாகவே போய்ச்சேரும். பழைய கார்களுக்குக் கையேடே கெட்டி ஆயிலைச் சொல்லியிருந்தால் அது வேறு.

டீசல் கார்களில் தவறின் விலை இன்னும் அதிகம். 2020 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள பிஎஸ்6 புகை மாசு விதிக்கேற்ப வந்த டீசல் கார்களின் புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருப்பதால், அவற்றுக்குச் சாம்பல் குறைந்த ஆயில் தேவை. வடிகட்டியில் சேரும் கரி எரிந்துபோகும். ஆயிலின் சாம்பல் எரியாமல் தங்கி அடைத்துக்கொள்ளும்.

பட்டறை பில்லில் 'ஆயில்' என்று ஒற்றைச் சொல் மட்டும் இருந்தால், பிறகு எதைக் காட்டிக் கேட்பது? ரகம் (0டபிள்யூ 20 போன்றது), ஆயிலின் தரத்தைக் குறிக்கும் எழுத்து, எத்தனை லிட்டர் ஆகிய மூன்றையும் பில்லில் எழுதவும், டின்னை வாடிக்கையாளர் கண்முன்னே உடைக்கவும் பட்டறை உரிமையாளர்கள் முன்வர வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
சத்துவாச்சாரி, வேலூர்.