பையை இறக்காத பையன்: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம்.

பள்ளி திரும்பத் திறந்து ஆறு வாரம் ஆகிறது. நான்காம் வகுப்பில் ஒரு பையன் இன்னும் புத்தகப் பையை முதுகிலிருந்து இறக்குவதில்லை. பெஞ்சில் சாய முடியாமல் நுனியில் உட்கார்ந்தே கணக்குப் போடுகிறான். மறுபடி ஓட வேண்டி வந்தால் பையைத் தேட நேரம் இருக்காதாம். டீச்சர் வற்புறுத்தவில்லை. பக்கத்தில் பை வைக்க இடம் மட்டும் விட்டிருக்கிறார். போன வியாழக்கிழமை ஒரு தோளிலிருந்து வாரை நழுவவிட்டான்.

வெள்ளத்தில் வீட்டை இழந்தவர்கள், சண்டைக்குப் பயந்து வந்தவர்கள், இவர்களுக்கு இடம் கொடுத்தவர்கள் என எல்லார் வீட்டுப் பிள்ளைகளும் நம் வகுப்புகளில் இருக்கிறார்கள். கடிதம் எல்லாருக்கும்தான்.

முதலில் என் தவறைச் சொல்லிவிடுகிறேன். மனதில் இருப்பதைக் கொட்டிவிட்டால் பாரம் குறையும் என்று நினைத்து, முதல் வாரமே ‘நான் பார்த்தது’ என்று கட்டுரை எழுதச் சொன்னேன். ஒரு சிறுமி வெறும் தாளை நீட்டினாள். அன்று முழுக்க அவள் பேசவே இல்லை. நடந்ததை உடனே விவரிக்க வைக்கும் அமர்வுகள் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2013-லேயே சொல்லியிருப்பதை அப்புறம்தான் படித்தேன். 2011-இல் அது வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேட்டின் சாரமும் மூன்றே சொல்தான்: பார், கேள், உதவியோடு இணை. இதில் ‘கேள்’ என்றால் காது கொடுப்பது. நான் அதைக் கேள்வி கேட்பது என்று எடுத்துக்கொண்டேன்!

சில அம்மாக்கள் தயங்கித் தயங்கிச் சொன்ன விஷயம்: எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகள் மறுபடி படுக்கையை நனைக்கிறார்கள். பெரும் பயத்துக்குப் பிறகு இது சகஜம். அடிக்காதீர்கள், அடுத்தவர் முன் சொல்லிக் காட்டாதீர்கள். நனையாத காலையில் ஒரு வார்த்தை பாராட்டினால் போதும். தூங்கவில்லை என்று பெரியவர்களுடைய தூக்க மாத்திரையில் பாதியை உடைத்துக் கொடுப்பதாகவும் கேள்விப்பட்டேன். தயவுசெய்து வேண்டாம்.

சாப்பாடு, குளியல், படுக்கை எல்லாம் தினமும் ஒரே நேரத்தில் நடக்கட்டும். அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்தால் பிள்ளைக்குப் பாதி பயம் போகும். வெள்ளம் வருவதுபோலத் திரும்பத் திரும்ப விளையாடினால் தடுக்காதீர்கள். ஆனால் ஒவ்வொரு முறையும் விளையாட்டு அழுகையில் முடிந்தால் நீங்களும் சேர்ந்துகொண்டு, காப்பாற்ற ஒரு படகை அனுப்புங்கள். கைபேசியில் அழிவுக் காட்சிகள் ஓடுவதை நிறுத்திவிடுங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு அது பழைய படம் என்று தெரியாது, மறுபடி நடக்கிறது என்றே நினைப்பார்கள்.

உங்களைப் பற்றியும் கேட்க வேண்டும். முந்தைய பத்து ஆண்டுகளுக்குள் போரைக் கண்ட மக்களில் ஐந்தில் ஒருவருக்கு ஏதோ ஒரு மனநலப் பாதிப்பு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் 2019-இல் மதிப்பிட்டது. பெரும்பாலானவர்கள் நாளாக ஆகத் தேறிவிடுவார்கள். தேறாதவர்களைப் ‘பைத்தியம்’ என்று சொல்லும் பழக்கத்தை மைதானத்தில் தடை செய்திருக்கிறேன். வாசலில் காத்திருக்கும்போது நீங்களும் சொல்லாதிருந்தால் நல்லது.

ஒரு மாதத்துக்கு மேலாகியும் தூக்கம், சாப்பாடு, பேச்சு திரும்பவில்லை என்றால் வகுப்பாசிரியரிடம் சொல்லுங்கள். புதன்கிழமைதோறும் ஆலோசகர் வருகிறார், பெரியவர்களும் பார்க்கலாம். சாக வேண்டும் என்று பிள்ளை ஒரு முறை சொன்னாலும் புதன்வரை காத்திருக்காதீர்கள். தனியாக விடாமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள், எனக்கும் சொல்லுங்கள்.

வரும் செவ்வாய் காலை 10 மணிக்கு வெளியேறும் பயிற்சி நடக்கும். சைரன் ஒலிக்காது, கைமணிதான். முந்தின இரவே பிள்ளையிடம் சொல்லிவையுங்கள். வரிசையை முன்னால் நின்று யார் நடத்துவது என்று கேட்டபோது அந்த நான்காம் வகுப்புப் பையன் கை தூக்கினான். பையோடுதான் வருவானாம். சரி, வரட்டும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்