பால்வாடி திறப்பதற்கு முன்பே எங்களுக்கு வேலை தொடங்கிவிடுகிறது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் நீலகிரியில் பந்தலூர் பக்கம் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகிறவள். காலை ஏழரைக்குத் தோட்டத்தில் நிற்க வேண்டும். எங்கள் பால்வாடி திறக்க ஒன்பது, ஒன்பதேகால் ஆகிவிடும். என் மூன்று வயதுப் பையனை அதுவரை பார்த்துக்கொள்வது பதினொன்றாவது படிக்கிற என் அண்ணன் மகள். அரசாங்கம் கொடுத்த சைக்கிளின் கேரியரில் அவனை உட்கார வைத்து, துப்பட்டாவால் தன் இடுப்போடு சேர்த்துக் கட்டி, ஒன்றரைக் கிலோமீட்டர் கொண்டுபோய், டீச்சர் வந்து கதவைத் திறந்த பிறகு விட்டுவிட்டுப் பள்ளிக்கு ஓடுகிறாள். முதல் பீரியட் பாதி போயிருக்கும்.

சைக்கிளில் போகிறாள் என்றுதான் பேர், பாதித் தூரம் தள்ளிக்கொண்டுதான் போகிறாள். கியர் இல்லாத வண்டி. தஞ்சாவூரில் ஓட்டுகிற அதே வண்டியை மலையிலும் கொடுத்தால் வேறு என்ன செய்ய முடியும்? மேட்டில் தள்ளும்போது லாரி வந்தால் ஒதுங்க இடமில்லை, தார் முடிகிற இடத்தில் மண் ஒரு சாண் ஆழத்துக்கு அரித்துக் கிடக்கிறது, அதை ஒட்டி மூடாத ஓடை. போன ஆடியில் சக்கரம் அதில் இறங்கி இரண்டு பேரும் விழுந்தார்கள். பையனுக்கு உதடு கிழிந்துவிட்டது. தனக்கு ஒன்றுமில்லை என்று சொன்னவளுக்குச் சாயங்காலம் பார்த்தால் முழங்கை வீங்கியிருக்கிறது.

என் அம்மா சிலோனில் பிறந்தவள். 1964 சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்தால் இந்தியாவுக்கு வந்த குடும்பம் எங்களுடையது. இங்கே வந்து அம்மா வேலை பார்த்த எஸ்டேட்டில் பிள்ளைக்காம்பரா, அதாவது குழந்தைகள் காப்பகம், இருந்தது. கொழுந்துக்குப் போகிற வழியில் எங்களை அங்கே விட்டுவிட்டுப் போவாள், ஒரு ஆயாப் பாட்டி இருப்பார், வரிசையாகத் தூளி தொங்கும். யாரும் தர்மத்துக்கு நடத்தவில்லை. 50 பெண்கள் வேலை செய்தாலோ, அவர்களுக்கு ஆறு வயதுக்குக் கீழே 20 பிள்ளைகள் இருந்தாலோ எஸ்டேட் அதை நடத்தியாக வேண்டும் என்று 1951ஆம் ஆண்டு தோட்டத் தொழிலாளர் சட்டம் எழுதிவைத்திருந்தது.

நான் பறிப்பது சிறு விவசாயியின் தோட்டத்தில். 5 ஹெக்டேருக்குக் குறைந்த தோட்டத்தை அந்தச் சட்டம் பொதுவாகத் தொடவே இல்லை. இன்று ஒருவர் தோட்டம், நாளை இன்னொருவர் தோட்டம் என்று போகிற எங்களுக்கு யார் பிள்ளைக்காம்பரா கட்டுவார்கள்? சிறு விவசாயியையும் குற்றம் சொல்ல மாட்டேன், பச்சைத் தேயிலைக்கு விலை இறங்கினால் அவர் பாடே திண்டாட்டம்தான். அதனால்தான் இதை அரசாங்கம் செய்ய வேண்டும் என்கிறேன்.

எனக்காவது அண்ணன் மகள் இருக்கிறாள். ஜார்க்கண்டிலிருந்து வந்து வேலை செய்கிற பெண்களுக்குப் பாட்டியும் இல்லை, அத்தையும் இல்லை. பக்கத்துத் தோட்டத்தில் ஒரு பெண் சில்வர் ஓக் மரத்தில் சேலையைக் கட்டி எட்டு மாதக் குழந்தையைப் போட்டுவிட்டுப் பறிக்கிறாள். இரண்டு வரிசை பறித்துவிட்டுத் திரும்பிப் பார்ப்பாள், மறுபடி இரண்டு வரிசை. இரண்டு வயது ஆகாத பிள்ளைக்குப் பால்வாடியில் சத்துமாவுதான் கிடைக்கும், இடம் கிடையாது. 2024 ஜனவரியில் இதே பந்தலூர்ப் பக்கம் அங்கன்வாடியிலிருந்து அம்மாவோடு திரும்பி வந்துகொண்டிருந்த மூன்று வயதுப் பிள்ளையைச் சிறுத்தை தாக்கிக் கொன்றதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதுவும் வேலை தேடி ஜார்க்கண்டிலிருந்து வந்த குடும்பம்தான்.

அங்கன்வாடியோடு காப்பகத்தையும் சேர்த்து நடத்த ‘பால்னா’ என்று ஒன்றிய அரசின் திட்டமே இருக்கிறது, ஆறு மாதக் குழந்தையிலிருந்து சேர்க்கலாம். எங்கள் தாலுகாவில் தேயிலை வேலைக்குப் போகிறவர்கள் அதிகம் இருக்கிற ஊர்களிலாவது அதைக் கொண்டுவந்து, காலை ஏழு மணிக்குத் திறந்தால் போதும். அதற்கு இப்போது இருக்கிற டீச்சரையே ஏழு மணிக்கு வரச் சொல்லிவிடாதீர்கள், அவருக்கு ஏற்கெனவே கணக்கெழுதவே நேரம் போதவில்லை. இன்னொரு ஆளைப் போடுங்கள்.

அப்புறம் சாலை. நகரத்தில் போடுகிற மாதிரித் தனி சைக்கிள் பாதை கேட்கவில்லை, மலையை வெட்டி இன்னும் அகலமாக்கினால் அடுத்த மழைக்கு மண் சரிந்து வீட்டுக்குள் வரும். இருக்கிற ஓடையின் மேல் கான்கிரீட் ஸ்லாப் போட்டு மூடினாலே நடக்கிறவர்களுக்கும் சைக்கிளுக்கும் மூன்றடி கிடைக்கும். பள்ளி நேரத்தில் லாரியைக் கொஞ்சம் நிறுத்தி வைக்கலாம். மலைக்குக் கொடுக்கிற சைக்கிளில் கியர் வைக்கலாம். பெண்களுக்கு இலவசப் பேருந்து 2021இல் கீழே ஓடத் தொடங்கியது, எங்கள் மலைக்கு ஏறிவர 2024 ஆனது. இதற்கும் அவ்வளவு நாள் ஆகுமென்றால் என் பையனே ஒன்றாவது போய்விடுவான்.

அண்ணன் மகள் அடுத்த வருஷம் பன்னிரண்டாவது. காலையில் ஸ்பெஷல் கிளாஸ் இருக்கும் என்று இப்போதே சொல்லிவிட்டாள். பையனை அப்புறம் யார் கூட்டிப் போவது என்று வீட்டில் நாங்கள் இன்னும் பேச்சே எடுக்கவில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பந்தலூர், நீலகிரி மாவட்டம்