ஜெய வாழ்க்கை என்றால் விசா கிடைப்பதா?

ஆசிரியருக்கு வணக்கம்.

குமரி மாவட்டத்தில் சபைகள் பந்தல் போட்டு நடத்தும் கன்வென்ஷன் கூட்டங்களின் காலம் வந்தால் நோட்டீஸில் ‘ஜெயமுள்ள வாழ்க்கை’ என்ற தலைப்பு தவறாது. பந்தலில் சொல்லப்படும் ஜெயமோ பெரும்பாலும் கடன் அடைவதிலும் விசா வருவதிலும் நின்றுவிடுகிறது. வேதாகமத்தில் ரோமர் 8:35 உபத்திரவம், பசி, பட்டயம் என்று ஏழு துன்பங்களை வரிசையாகச் சொல்கிறது. 37ஆம் வசனம் சொல்லும் ஜெயம் அவற்றுக்கு நடுவில்தான். 2017 ஒக்கிப் புயலில் ஆட்களை இழந்த சின்னத்துறை, வள்ளவிளை வீடுகளில் போய் ‘விசுவாசம் போதவில்லை’ என்று எந்தப் பிரசங்கியார் சொல்வார்?

தவறு தொடங்கும் இடம் ஒன்று உண்டு. பவுலின் எபேசியர் நிருபத்தின் (கடிதத்தின்) முதல் மூன்று அதிகாரங்கள் விசுவாசி யார் என்று சொல்கின்றன. எப்படி நடக்க வேண்டும் என்பது நான்கிலிருந்துதான். நம் ஆட்கள் நேராக நான்குக்குப் போய்விடுகிறார்கள். பொய் வேண்டாம், குடி வேண்டாம் என்று வருஷப்பிறப்பு ஆராதனையில் எடுத்த தீர்மானம் பொங்கலுக்குள் உடைகிறது. பிறகு குற்ற உணர்வு, அடுத்த பந்தலில் மறுபடி கை உயர்த்தல்.

ஒரு வாரம் எபேசியர் 1:3-14ஐ மட்டும் தினமும் சத்தமாக வாசியுங்கள். இரண்டு நிமிடம் போதும். ‘கிறிஸ்துவுக்குள்’, ‘அவருக்குள்’ என்று வருமிடங்களில் பென்சிலால் கோடிட்டு, அங்கே கிடைத்தது என்ன என்று ஓரத்தில் எழுதுங்கள்: தெரிந்துகொள்ளப்படுதல், புத்திரசுவிகாரம் (பிள்ளைகளாக ஏற்கப்படுதல்), மீட்பு, பரிசுத்த ஆவியின் முத்திரை. ஒன்றுகூட நாம் சம்பாதித்ததல்ல. அதற்குப் பிறகு ரோமர் 6. மூன்றாம் வசனத்தில் கிறிஸ்துவின் மரணத்துக்குள் ஞானஸ்நானம் பெற்றோம் என்று அறிவது, பதினொன்றில் பாவத்துக்கு மரித்து தேவனுக்குப் பிழைத்தவர்கள் என்று எண்ணிக்கொள்வது, பதின்மூன்றில் உடலின் அவயவங்களை தேவனுக்கு ஒப்புக்கொடுப்பது. இந்த வரிசை மாறக்கூடாது.

ஒப்புக்கொடுப்பது பொத்தாம்பொதுவாக இருந்தால் பலிக்காது. குடிதான் பிரச்சினை என்றால், சம்பள நாளில் வீட்டுக்கு வரும் வழியை மாற்ற வேண்டும், பணம் வீட்டுக்காரி கைக்கு முதலில் போக வேண்டும், நம்பகமான ஒருவரிடம் மட்டும் உண்மையைச் சொல்ல வேண்டும் (யாக்கோபு 5:16). அவசரப்பட்டு மைக்கில் சாட்சி சொல்லவைப்பது ஆளைக் கெடுக்கும். பல வருடம் தினமும் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம். ஜெபத்தோடு மருத்துவரும் வேண்டும். விழுந்துவிட்டால் பாவத்தை அறிக்கையிட்டால் மன்னிப்பு என்னும் 1 யோவான் 1:9 அன்றிரவே பொருந்தும், திருவிருந்து ஞாயிறு வரை காத்திருக்க வேண்டியதில்லை.

கிறிஸ்துவுக்குள் நாம் யார் என்ற அடையாளம் பற்றி இத்தனை பேசிவிட்டு வரன் விளம்பரத்தில் சபைக்குப் பக்கத்திலேயே சாதியையும் போடுகிறோம். 1752இல் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்ட, இந்து மதத்திலிருந்து கிறிஸ்தவரான தேவசகாயம் 2022 மே 15 அன்று புனிதராக அறிவிக்கப்பட்டபோது சாதிப் பெயர் இல்லாமல்தான் அறிவிக்கப்பட்டார். கத்தோலிக்கரானாலும் சீர்திருத்த சபையாரானாலும் போதகர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கல்யாண ஓலை (சபையில் படிக்கும் திருமண அறிவிப்பு) வாசிப்பதற்கு முன் இரு வீட்டாரையும் உட்காரவைத்து, வரதட்சணையாக எத்தனை பவுன், எவ்வளவு ரொக்கம் பேசியிருக்கிறீர்கள் என்று நேரடியாகக் கேளுங்கள்.

இப்படிக்கு,
வேதபாட வகுப்பு ஆசிரியர்கள்,
தக்கலை.