மருத்துவமனை பில்லில் உங்கள் பங்கு எவ்வளவு?

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். எங்கள் அலுவலகத்தின் வழியாக மருத்துவக் காப்பீடு எடுத்தவர்கள் டிஸ்சார்ஜ் ஆன கையோடு எங்களிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "பாலிசியில் 20 சதவீதம் கோ-பே என்றுதானே இருக்கிறது, பில்லில் ஏறக்குறையப் பாதியை நாங்கள் ஏன் கட்ட வேண்டியிருந்தது?" தொலைபேசியில் இரண்டு வார்த்தைகளில் இதை விளக்க இயலாது என்பதால் இந்த மடல்.

கோ-பே என்பது ஒவ்வொரு கிளெய்மிலும் பாலிசிதாரர் ஏற்க வேண்டிய சதவீதம். அது மொத்த பில்லின் மீது கணக்கிடப்படுவதில்லை. கழிக்க வேண்டியவற்றைக் கழித்தபின் காப்பீட்டு நிறுவனம் ஏற்றுக்கொள்ளும் தொகையின் மீதே கணக்கிடப்படுகிறது. பல நிறுவனங்கள் ஒரே பொது வடிவில் விற்கும் ஆரோக்கிய சஞ்சீவனி பாலிசியில் எல்லா வயதினருக்கும் இது 5 சதவீதம். மூத்த குடிமக்களுக்கான பாலிசிகள் பலவற்றில் இதைவிடக் கூடுதல். ஆனால் கைப்பணத்தை அதிகம் கரைப்பது கோ-பே அல்ல, அறை வாடகைதான் என்பது எங்கள் கருத்து.

காப்பீட்டுத் தொகை 3 லட்சம், அறை வாடகை வரம்பு நாளொன்றுக்கு அதில் 1 சதவீதம், அதாவது 3,000 ரூபாய், கோ-பே 20 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். நோயாளி 6,000 ரூபாய் அறையில் நான்கு நாள் தங்குகிறார். அறைக்கு 24,000, மருத்துவர், அறுவை அரங்கு, செவிலியர் கட்டணங்கள் 80,000, மருந்தும் பரிசோதனைகளும் 50,000, கையுறை, முகக்கவசம், டயப்பர் போன்ற காப்பீட்டில் சேராத பொருட்கள் 6,000 என்று பில் 1,60,000 ரூபாய் ஆகிறது. வரம்பைப் போல இரு மடங்கு வாடகையுள்ள அறையை எடுத்ததால், அறை வாடகையில் மட்டுமல்லாமல் மருத்துவர் முதலான கட்டணங்களிலும் பாதிதான் ஏற்கப்படும். ஆக 12,000, 40,000, 50,000 சேர்த்து ஏற்கப்படுவது 1,02,000. அதில் கோ-பே 20,400 போக நிறுவனம் தருவது 81,600. மீதி 78,400 ரூபாய் நோயாளியின் கையிலிருந்து.

இதே சிகிச்சையை 3,000 ரூபாய் அறையில் எடுத்திருந்தால், மற்றக் கட்டணங்கள் மாறவில்லை என்று கணக்கின் எளிமைக்காக வைத்துக்கொண்டால், அவர் கட்டியிருக்க வேண்டியது 34,400 மட்டுமே. அறைக்காகக் கூடுதலாக ஆன செலவு 12,000. கையிலிருந்து கூடுதலாகப் போனதோ 44,000.

இதில் உங்களுக்குச் சாதகமான விதிகளும் உண்டு. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2020இல் வகுத்த நெறிமுறைப்படி, அறை வாடகை வரம்பை மீறியதற்காக மற்றக் கட்டணங்களையும் அதே விகிதத்தில் குறைக்கும் இந்த விகிதாசாரக் கழிவை மருந்து, பரிசோதனை, உடலில் பொருத்தும் கருவிகள் ஆகியவற்றின் மீதும் தீவிர சிகிச்சைப் பிரிவுக் கட்டணத்தின் மீதும் போடக்கூடாது. மருத்துவர் முதலான கட்டணங்களை அறைக்கு அறை மாற்றாத மருத்துவமனையில் இக்கழிவுக்கே இடமில்லை. அப்படியும் கழித்திருந்தால், பிரிவு வாரியான பில்லைக் கேட்டு வாங்கி எங்களிடம் கொண்டு வாருங்கள்.

டாப்-அப் பாலிசி, அதாவது குறிப்பிட்ட தொகைக்கு மேல் ஆகும் செலவை மட்டும் ஏற்கும் கூடுதல் பாலிசி, வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல். 3 லட்சம் டிடக்டிபிள் (முதலில் அந்தப் பாலிசி ஏற்காத தொகை) உள்ள சாதாரண டாப்-அப் ஒவ்வொரு சிகிச்சையையும் தனித்தனியே பார்ப்பதால், ஒரே ஆண்டில் இரண்டு முறை தலா 2 லட்சம் செலவானாலும் அது ஒன்றும் தராது. சூப்பர் டாப்-அப் இரண்டையும் கூட்டிப் பார்த்து 1 லட்சம் தரும். இரண்டுக்கும் பிரீமியம் சற்றே வேறுபட்டாலும் நாங்கள் பரிந்துரைப்பது பின்னதையே.

திட்டமிட்ட அறுவை சிகிச்சையானால், சேர்வதற்கு முன்பே பாலிசி எண்ணுடன் எங்களை அழையுங்கள். உங்கள் அறை வரம்பையும் கோ-பேயையும் பார்த்து, கையில் எவ்வளவு வைத்திருக்க வேண்டும் என்று உத்தேசக் கணக்குப் போட்டுத் தருவோம். கிளெய்ம் குறைக்கப்பட்டதில் உடன்பாடு இல்லையெனில், முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுத வேண்டும். 30 நாட்களில் திருப்தியான பதில் வராவிட்டால் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். இரண்டு கடிதங்களையும் எழுத உதவுகிறோம்.

இப்படிக்கு,
உங்கள் காப்பீட்டு முகவர் அலுவலகத்தார்